நாலு நிமிஷ யானை

தேவகோட்டை, ராம் நகர். மே மாதத்து மூணு மணி.
கரண்டு போன அறையில்
வாயைப் பிளந்து கிடக்கின்றன இரண்டு பெட்டிகள்.
"நீதானே கப்பல்ல வேலை பாக்குற, இன்னாசி,
வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ" என்றார் உமையாள் ஆச்சி.
லீவில் வந்தவனுக்கு
லீவு கிடையாது.

முதலில் அந்த இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுங்கள்.
கப்பலில் நெருப்புக்குத்தான் பயம், தண்ணீருக்கு இல்லை.
ஸ்கேனரில் மாட்டினால் பிடுங்கி வைத்துக்கொண்டு
இறங்குகிற அன்றைக்குத்தான் தருவார்கள்,
கசங்கிய சேலையோடு கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும்.

மனகோலம் ஒரு டப்பா, சீப்புச் சீடை ஒரு டப்பா.
வீட்டில் சுட்டதை உள்ளே விடுவதும் விடாததும்
வாசலில் நிற்பவன் மனசு.
சென்னை போவதற்குள் தின்று தீருங்கள்.

செவுகன் அண்ணனின் பிரஷர் மாத்திரை
பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது.
துறைமுகத்தில் வாங்கிக்கொள்கிற பெட்டி
அறைக்கு வர ராத்திரி எட்டாகும், ஒன்பதும் ஆகும்.
மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், மாற்றுடுப்பு ஒன்று
தோள்பையில். பை தோளில்.

அறை எங்கே? பத்தாவது தளம், முன்கோடியா?
என்னைக் கேட்டிருந்தால் நடுவில், கீழே சொல்லியிருப்பேன்.
திருப்பத்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் போயிருக்கிறீர்களே,
அதேதான்.
குமட்டினால் படுக்காதீர்கள், வெளியே வாருங்கள்.
வானம் முடிகிற கோட்டைப் பாருங்கள்,
அது ஒன்றுதான் அங்கே ஆடாது.
பச்சை ஆப்பிள் கேளுங்கள், தருவார்கள்.

கரை மறைவதற்கு முன்பே
போனில் ஏரோப்ளேன் படத்தை அமுக்கிவிடுங்கள்.
புதுவயல்காரர் ஒருவர் நடுக்கடலிலிருந்து
பேரன் பிறந்தநாளுக்குப் பதினோரு நிமிஷம் பேசினார்.
பில்லைப் பார்த்துவிட்டு,
"மோதிரமே போட்டிருக்கலாம்" என்றார்.

முதல் நாளே சங்கு ஊதும். ஏழு குறுகல், ஒரு நீளம்.
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போங்கள்.
அண்ணனுக்கு நீச்சல் தெரியாதாம்.
தெரிந்தவன் மட்டும் என்ன, அந்தமான் வரை நீந்தவா போகிறான்?
ஜாக்கெட் வாரை இறுக்கத் தெரிந்தால் போதும்.

இறங்குகிற ஊரில் கடிகாரத்தை மாற்றாதீர்கள்.
கப்பல் நேரம்தான் நேரம்.
பல்லவனை விட்டால் இன்னொரு வண்டி பிடிக்கலாம்.
பினாங்கில் ஒரு தம்பதி
இரண்டு கையிலும் துணிப்பைகளோடு ஓடிவந்தார்கள்.
மேலே நின்றவர்கள் கையசைத்தார்கள்.
கீழே அவர்களும் அசைத்தார்கள்,
வேறு அர்த்தத்தில்.

"அது கிடக்கட்டும், உன் ரூம்லேருந்து
கடல் எப்படித் தெரியும்?" என்றார் ஆச்சி.

என் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.
இரண்டு பேர், இரண்டு அடுக்குக் கட்டில், ஜன்னல் கிடையாது.
எனக்குக் கடல் தெரிவது வாளியில்.
தரை துடைக்கிற தண்ணீர்
கொஞ்சம் இடப்பக்கம் ஏறினால்
வங்காள விரிகுடா.
ஆச்சி சிரித்தார்.
அண்ணன் சிரிக்கவில்லை.

பேச்சுவாக்கில்
கட்டிலில் கிடந்த துண்டை மடித்துவிட்டேன் போலிருக்கிறது.
தும்பிக்கை வந்துவிட்டது. காதும்.
"அட, யானை!"

கடைசியாக ஒன்று.
ராத்திரி சாப்பிட்டுத் திரும்பும்போது
படுக்கையில் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும்.
நாலு நிமிஷ வேலை. ஒருத்தனுக்குப் பதினெட்டு அறை.
உடனே உதறி முகம் துடைக்காதீர்கள்,
அன்றைக்கு ஒரு ராத்திரியாவது.
சட்டையில் பெயர் குத்தியிருக்கும், படியுங்கள்.
கவரில் போட்டுத் தருவதாக இருந்தால்
கடைசி நாளுக்கென்று வைக்கவேண்டாம்.
கடைசி நாளில் எல்லோருக்கும் ஞாபகமறதி.

கரண்டு வந்தது.
விசிறிக் காற்றில் யானைக்கு ஒரு காது அவிழ்ந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
நாலு சேலைக்கு அடியில்
இஸ்திரிப் பெட்டியை
மறுபடி செருகிக்கொண்டிருந்தார் ஆச்சி.